நிறக்குருடு: விழித்திரைப் படம் எதைக் காட்டும்?

கேள்வி: ரயில்வே வேலைக்கான மெடிக்கல் டெஸ்டில் என் மகனால் புள்ளிப் படங்களில் இருந்த எண்களைப் படிக்க முடியவில்லை. கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படமெடுத்துவிட்டு 'நார்மல்' என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். சிவப்பு-பச்சைக் குழப்பம் உள்ள பெரும்பாலானவர்களுக்கு விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் குறைவில்லாமல்தான் இருக்கும். அவற்றுக்குள் இருக்கும் நிறமிகளில் ஒன்று இல்லாமல் போயிருக்கும், அல்லது இன்னொன்றைப் போல மாறியிருக்கும். சாதாரணக் கேமராவிலும், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனிலும் இது தெரியாது. வீணாக ஸ்கேனுக்குச் செலவு செய்யாதீர்கள். உங்கள் மகன் பார்த்தது போன்ற புள்ளிப் படங்கள் உள்ள, 1917-ல் வந்த இஷிஹாரா புத்தகமே குறையைக் கண்டுபிடித்துவிடும். எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்று பார்க்க அனோமலோஸ்கோப் இருக்கிறது: ஒரு பாதியில் மஞ்சள் ஒளி, மறுபாதியில் சிவப்பையும் பச்சையையும் கலந்து அதே மஞ்சளைக் கொண்டுவர வேண்டும். யார் எந்த அளவில் கலக்கிறார்கள் என்பதிலேயே விஷயம் வெளிவந்துவிடும்.

கேள்வி: ஆறு வயதுப் பேத்தி வெயிலில் கண்ணைத் திறக்கமாட்டாள். கண் ஆடிக்கொண்டே இருக்கிறது. மகன் கட்டியது சொந்த மாமன் மகளை. ஒரு டாக்டர் முழு நிறக்குருடு என்கிறார், இன்னொருவர் அல்பினிசம் (பிறவியிலேயே உடலில் நிறமி குறைவது) என்கிறார். ஸ்கேனில் தெரிந்துவிடுமா?

பதில்: அம்மா, ஸ்கேனுக்கு உண்மையான வேலை இங்கேதான். முழு நிறக்குருட்டில் கூம்பு செல்களே வேலை செய்யாது. ஓசிடியில் விழித்திரையின் மையத்தில் பளிச்சென்று ஓட வேண்டிய ஒரு கோடு பலருக்கு அறுந்திருக்கும். சிலருக்கு அங்கே சின்னக் கருங்குழியே தெரியும். அல்பினிசத்தில் அந்தக் கோடு பொதுவாக அறுந்திருக்காது. ஆனால் மையத்தில் இருக்க வேண்டிய பள்ளம் சரியாக உருவாகியிருக்காது. சிக்கல் என்னவென்றால், முழு நிறக்குருடு உள்ள பலருக்கும் பள்ளம் அப்படித்தான் இருக்கும், சிலருக்குக் கோடும் அறாமல் இருக்கும். அதனால் ஸ்கேனோடு, விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் ஈஆர்ஜியும் எடுக்கச் சொல்லுங்கள். கூம்பு செல்களின் மின்துடிப்பு மட்டும் காணாமல் போய், இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்களின் துடிப்பு நன்றாக இருந்தால் முதல் டாக்டர் சொன்னதே சரி. பிறகு சிஎன்ஜிஏ3, சிஎன்ஜிபி3 மரபணுக்களைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பழுது இவற்றில்தான்.

தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது அப்படிப் பொருந்துவது கூடுகிறது. பசிபிக்கில் பிங்கலாப் என்றொரு தீவு. 1775 வாக்கில் அடித்த புயலில் சிலரே பிழைத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்தக் குறை.

பேரனாக இருந்தால் தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வரும், கூம்புகளில் நீலத்தை உணர்பவை மட்டும் வேலை செய்யும் நீலக்கூம்பு வகையையும் சந்தேகித்திருப்பேன். அதையும் இதையும் ஸ்கேனை வைத்துப் பிரிப்பது கடினம். ரிப்போர்ட் வரும்வரை சிவப்புச் சாயல் கண்ணாடியும் தொப்பியும் போட்டுவிடுங்கள்; வெளிச்சத்தில் பிள்ளைக்கு நிம்மதி.

கேள்வி: கூம்பு செல்களை ஒவ்வொன்றாகவே படமெடுக்கிறார்களாமே?

பதில்: எடுக்கிறார்கள். கண்ணின் லென்ஸிலும் கருவிழியிலும் உள்ள கோணல்களை வளைந்து கொடுக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியால் சரிக்கட்டினால், சில மைக்ரான் அகல செல்கூடத் தெரியும். 1999-ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரூர்டாவும் வில்லியம்ஸும் இரண்டு பேரின் கண்ணில் எந்தக் கூம்பு எந்த வகை என்றே வரைபடம் போட்டார்கள். ஒருவருக்குச் சிவப்பு வகை பச்சையைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, மற்றவருக்கு ஏறக்குறைய சமம். நிறப் பார்வையோ இருவருக்கும் இயல்பு!

2004-ல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. சிவப்பு-பச்சைக் குறை உள்ள இருவரில் ஒருவருக்குக் கூம்புகள் நெருக்கமாக நிறைந்திருந்தன. மற்றவருக்கு இடையிடையே கருப்பு ஓட்டைகள்: பழுதான நிறமி இருந்த செல்கள் செயலற்றுப் போயிருந்தன. ஆனாலும் அவருடைய பார்வைக் கூர்மை குறையவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு அருமையான கருவி. உங்கள் ஊர் கிளினிக்கில் தேட வேண்டாம்.

கேள்வி: நிறக்குருட்டுக்கான கண்ணாடி வாங்கலாமா?

பதில்: சில நிறங்களை எடுப்பாகக் காட்டலாம், இல்லாத நிறமியைத் தராது. வேலைக்கான டெஸ்டில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார விடமாட்டார்கள்.