பழைய செற்றும் பாட்டும்: வாசகர் கேள்வி–பதில்

வாப்பா எண்பதுகளில் சவூதியிலிருந்து கொண்டுவந்த சன்சுயி அம்பிளிபையர் பல வருடமாக அலுமாரிக்குள் கிடக்கிறது. இப்போது போட்டுப் பார்க்கலாமா?
*வாசகர், சம்மாந்துறை*

தம்பி, கரண்டில் செருக முன் செற்றைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் சவூதி வீடுகளில் 127 வோல்ற் கரண்ட் இருந்தது. நம்முடையது 230. வெளிநாட்டுக்கென்று செய்த செற்றுகளில் 110, 120, 220, 240 என்று எழுதிய ஒரு சிறிய திருகு பின்னால் இருக்கும். வாப்பா அதை 120இல் விட்டபடியே பெட்டி கட்டியிருந்தால், இங்கே சுவிட்சைப் போட்டதும் பியூஸ் போகும். பியூஸ் போகாவிட்டால் டிரான்ஸ்போமர் போகும். அந்த டிரான்ஸ்போமரை இனி எங்கே தேடுவது? திருகை 240க்கு மாற்றுங்கள். 120க்கும் 240க்கும் பியூஸ் அளவு வேறு, அதையும் பார்த்துப் போடுங்கள். திருகே இல்லாமல் 100 வோல்ற் என்று மட்டும் இருந்தால் அது ஜப்பானில் விற்கச் செய்த செற். அதற்கு வோல்ற்றைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போமர் தனியாக வேண்டும்.

அடுத்தது, பிளக் கழற்றியிருக்கும்போதே மேல்மூடியைக் கழற்றுங்கள். என் மேசைக்கு வரும் செற்றுகளுக்குள் பல்லி முட்டையும் குளவி கட்டிய மண்ணும் சாதாரணம். மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். பியூஸ் இருக்கும் இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் உடனே கழற்றி எறியுங்கள். அதைச் சுற்றியவர் செற்றுக்குக் கொள்ளி வைத்திருக்கிறார்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது இடையில் ஒரு 100 வோற்ஸ் குண்டு பல்ப்பைத் தொடராக, அதாவது செற்றுக்குப் போகும் கரண்ட் அந்தப் பல்ப்பினூடாகவே போகும்படி, போடுங்கள். எல்.ஈ.டி பல்ப் சரிவராது. சுவிட்சைப் போட்டதும் பல்ப் ஒருதரம் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, கம்பி மட்டும் சிவந்து நின்றால் நல்ல சகுனம். உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கும் பெரிய கண்டென்சர்கள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷோர்ட். நிறுத்திவிட்டு விஷயம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பல்ப் இல்லாமல் போட்டிருந்தால் அந்த வெளிச்சம் அத்தனையும் உங்கள் டிரான்சிஸ்டர்களுக்குள் போயிருக்கும்.

வொலியூம் திருகும்போது கரகரத்தால் கொன்டாக்ற் கிளீனர் அடித்து, முழுத் தூரத்துக்கும் பலதரம் முன்னும் பின்னும் திருகுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், தூசு முழுவதும் அதில்தான் ஒட்டும்.

அதே மாதிரி வெளிநாட்டிலிருந்து வந்த றெக்கோட் பிளேயர் ஒன்று. டிரான்ஸ்போமர் போட்டுத்தான் ஓடவிடுகிறேன், ஆனால் பாட்டு இழுபடுகிறது. பெல்ற் புதிதாக மாற்றியும் சரிவரவில்லை.
*வாசகர், ஏறாவூர்*

பெல்ற்றில் குற்றமில்லை. டிரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்கும், ஹேர்ட்ஸைத் (கரண்ட் ஒரு விநாடிக்கு எத்தனை தரம் அலைகிறது என்ற கணக்கு) தொடாது. பழைய பிளேயர்களில் நிறைய மோட்டோர்கள் கரண்டின் ஹேர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறவை. உங்களுடையது 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்குச் செய்தது, இங்கே 50. ஆறில் ஒரு பங்கு வேகம் அடிபட்டுப்போகும். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28ஐக்கூட எட்டாது.

மோட்டோர் முனையில் பெல்ற் ஓடும் பித்தளைப் புளியை (சிறிய உருளை) கழற்றி, லேத் வேலை செய்யும் இடத்தில் கொடுங்கள். விட்டம் இப்போது இருப்பதைப்போல 1.2 மடங்கு வர வேண்டும். 45க்கும் 33க்கும் இரண்டு படி இருந்தால் இரண்டையும் அதே கணக்கில் கடையச் சொல்லுங்கள். சரிபார்க்க, 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டத்தைத் தட்டில் வைத்து, சோக் உள்ள பழைய டியூப் லைற்றின் கீழ் சுற்றவிடுங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. டெக்னிக்ஸ் எஸ்.எல் 1200 மாதிரி டைரக்ட் டிரைவ் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. அவற்றின் வேகத்தை உள்ளே இருக்கும் சேர்கிட் பார்த்துக்கொள்கிறது.

ஸ்பீக்கர் கோனைச் சுற்றியிருக்கும் பஞ்சு தொட்டாலே உதிர்கிறது. கடை ஒன்றில் "புது ஸ்பீக்கர் போடுங்கள்" என்கிறார்கள். வேறு வழி இல்லையா?
*வாசகி, கல்லடி*

இருக்கிறது தங்கச்சி. கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பஞ்சு பொலியூரிதேன். காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் கல்லடியில் அது கெதியாகப் போவதில் புதினமில்லை. ஆனால் போனது பஞ்சு வளையம் மட்டும்தான். கோன், கொயில், காந்தம் எல்லாம் நன்றாக இருக்கும். பழைய ஸ்பீக்கரின் குரல் அவற்றில்தான் இருக்கிறது.

வளையத்தை இணையத்தில் எடுப்பிக்கலாம். கோனின் விட்டம், வெளிச்சட்டத்தின் விட்டம் இரண்டையும் மில்லிமீற்றரில் அளந்து அனுப்புங்கள். "எட்டு அங்குலம்" என்று சொல்லி வாங்கினால் பொருந்தாது. பழைய பசையைச் சுரண்டி எடுப்பதுதான் பொறுமை வேண்டிய வேலை. அதற்குப் பிறகு நடுவிலிருக்கும் தொப்பியைக் கவனமாக வெட்டித் திறந்தால், கொயிலுக்கும் காந்தத்தின் நடு இரும்புக்கும் இடையே மயிரிழை அகலத்தில் ஒரு வெளி தெரியும். பழைய கமெரா நெகட்டிவ் பிலிமைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அந்த வெளியில் சுற்றிவரச் செருகுங்கள். கொயில் அசையாமல் நடுவில் நிற்கும். இனி வளையத்தை ஒட்டி, ஒரு இரவு காயவிட்டு, பிலிமை உருவுங்கள். இரண்டு கை விரலாலும் கோனை மெல்ல அமுக்கி விடுங்கள். உரசும் சத்தம் கேட்காவிட்டால் தொப்பியை ஒட்டலாம்.

அடுத்த முறை வாங்கும்போது றப்பர் அல்லது துணி விளிம்பு உள்ளதாகப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்குள் கிழமைக்கு ஒரு தடவையாவது செற்றைப் போட்டுப் பாட்டுக் கேளுங்கள். உள்ளே பிறக்கும் சூடு ஈரத்தை விரட்டும்.

3000 வோற்ஸ் என்று ஒட்டியிருக்கும் மினி செற்றை விட என் நண்பனின் பழைய 40 வோற்ஸ் செற் சத்தமாக இருக்கிறதே, எப்படி?
*வாசகர், அக்கரைப்பற்று*

அந்த 3000 பி.எம்.பி.ஓ கணக்கு, அதாவது ஒரு கணத்து உச்சம் என்று சொல்லிப் போடும் இலக்கம். எப்படி அளந்தார்கள் என்று யாரும் கேட்க முடியாத கணக்கு. இந்த மாதிரி விளையாட்டைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் 1974இல் அம்பிளிபையர் வோற்ஸை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நண்பனின் 40 உண்மையான 40. வோற்ஸை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். இலக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள், செற்றைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். பாரமெல்லாம் டிரான்ஸ்போமர்.

அப்பா கோயில் சடங்குகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டினவர். அவருடைய வால்வு அம்பிளிபையரை வீட்டில் பாட்டுக் கேட்கப் பாவிக்கலாமா?
*வாசகர், களுவாஞ்சிகுடி*

தாராளமாக. ஒரு விஷயம் மட்டும்: ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்) அம்பிளிபையரை ஒருநாளும் போடாதீர்கள். சும்மா ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்போமருக்குள் வோல்ற் ஏறி இன்சுலேஷன் துளைபடும். பின்னால் 100 வோல்ற் லைன் என்று ஒரு முனை இருக்கும். அது தென்னையிலும் கம்பத்திலும் நீள வயர் இழுத்துக் கட்டும் கோணுக்கு (குழாய் ஸ்பீக்கர்). வீட்டு ஸ்பீக்கரை அதில் நேரே கொடுக்காதீர்கள். 8 ஓம் முனையில் கொடுங்கள். கோணை வீட்டுக்குள் வைக்காதீர்கள். அது ஊர் முழுக்கக் குரல் கேட்கச் செய்தது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலியை அதில் கேட்க முடியாது.

தாத்தாவின் மரப்பெட்டி மேர்பி றேடியோ வேலை செய்யவில்லை. உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு புளூடூத் ஸ்பீக்கர் வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
*வாசகி, ஆரையம்பதி*

செய்ய வேண்டாம் பிள்ளை. இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது, ஒவ்வொரு தடவையும் எனக்கு மனம் வலிக்கிறது. றேடியோ சிலோன் காலத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கம் கூடிக் கேட்டது அந்தப் பெட்டிக்குள் இருந்த வால்வுகளைத்தான். மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? பெரும்பாலும் போயிருப்பது சில பேப்பர் கண்டென்சர்கள்தான், விலை சொற்பம். வால்வுகள் அவ்வளவு இலகுவில் சாவதில்லை.

பின் அட்டையைக் கழற்றி வால்வின் கண்ணாடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். ஈ.எல் 84, ஈ.சி.எச் 81 என்று முதல் எழுத்து 'ஈ' ஆக இருந்து, உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்போமரும் இருந்தால் நல்லது. பின்னால் பிக்கப் என்று எழுதிய இரண்டு துளை உண்டு, திருத்திய பிறகு அதில் போனைக் கொடுத்தே பாட்டுக் கேட்கலாம். மேர்பியையும் குலைக்கத் தேவையில்லை, உங்கள் பாட்டும் வரும்.

யூ.எல் 84, யூ.சி.எச் 81 என்று 'யூ'வில் தொடங்கினால் மிகக் கவனம். அந்த வகைச் செற்றில் டிரான்ஸ்போமர் இல்லை, இரும்புச் சட்டமே கரண்டோடு தொடுத்திருக்கும். போன் வயரைச் செருகினால் போனைப் பிடித்திருக்கும் கைக்கே ஷொக் வரும். அதற்குச் செற்றை வீட்டுக் கரண்டோடு நேரே தொடவிடாமல் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்போமர் தனியாக வைக்க வேண்டும். எந்த வகையானாலும் பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் 250 வோல்ற்றுக்கு மேல் தங்கி நிற்கலாம், அடியில் கை வைக்காதீர்கள்.

வால்வு இலக்கங்களை எல்லாம் வரிசையாக எழுதி, சட்டத்தின் அடிப்பக்கப் படத்தோடு அனுப்புங்கள். எந்தக் கண்டென்சரை முதலில் மாற்றுவது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.