2-வது பிக்: உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

ஜூரோங் அலுவலக நண்பர்களோடு ஆடும் கூடைப்பந்து ஃபேன்டசி லீக்கில் (நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறும் போட்டி) உங்களுக்கு 2-வது பிக், அதாவது இரண்டாவதாக வீரரை எடுக்கும் வாய்ப்பு. ஏழடி தாண்டிய, ப்ளாக் (எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது) மட்டும் செய்யும் சென்டரா (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்), நன்றாக ஷூட் செய்யும் 22 வயது கார்டா (வெளியே நின்று பந்தை நடத்துபவர்) என்று கேட்டிருந்தீர்கள். நான் கார்டைத்தான் எடுப்பேன்.

2009-இல் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) புதுமுக வீரர் தேர்வில் மெம்ஃபிஸ் அணி இதே 2-வது இடத்தில் 7 அடி 3 அங்குல ஹஷீம் தபீட்டை எடுத்தது. அடுத்துப் போனவர் ஜேம்ஸ் ஹார்டன். 7-வதாக ஸ்டெஃபன் கரி. இருவரும் பெரிய நட்சத்திரங்களான கார்டுகள். கல்லூரி ஆட்டத்தில் உயரம் இருந்தாலே சோறு போடும். என்பிஏவில் பிக் அண்ட் ரோல் (சக வீரர் எதிராளியை மறித்து, பந்து வைத்திருப்பவருக்கு வழி திறக்கும் உத்தி) ஆடி சென்டரை வெளியே இழுப்பார்கள், கால் நகராவிட்டால் மாட்டினார். பிறகு பெஞ்ச்தான். பெஞ்சில் இருப்பவர் உங்களுக்கு ப்ளாக் புள்ளியும் தர மாட்டார்.

அதற்காகக் கார்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். கல்லூரி சீசன் சின்னது, மூன்று புள்ளி ஷாட் (தூரத்திலிருந்து போடுவது) சதவீதம் ஏமாற்றும்; ஷூட்டிங் திறமைக்கு ஃப்ரீ த்ரோவைப் (யாரும் தடுக்காமல் போடும் ஷாட்) பாருங்கள். 2017-இன் முதல் பிக் மார்கெல் ஃபுல்ட்ஸ் கல்லூரியில் மூன்று புள்ளியில் 41 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 65 கூட இல்லை. அப்புறம் தோள்பட்டைக் கோளாறும் சேர்ந்து ஷாட்டே குலைந்தது.

உங்கள் ஆள் ஃப்ரீ த்ரோவில் 80 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்தால் சரி, எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிக்கையே ட்ரேட் செய்யுங்கள். உயரத்துக்கு மயங்கும் ஒருவர் எல்லா லீக்கிலும் இருப்பார்.