கதவுத் துருவை விடுங்கள், சேஸிஸைத் தட்டிப் பாருங்கள்: பழைய எஸ்யூவி கேள்வி பதில்

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்திலேயே பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் வண்டிக்கு வயதாவது இன்ஜினில் தெரியாது, அடியில்தான் தெரியும். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய குடும்ப வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து: அண்ணாச்சி, 2009 பொலேரோ. கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் போதுமா?

போதாது தம்பி. கொப்புளம் வெளியே தெரிகிறது என்றால் துரு உள்ளேயிருந்து வந்திருக்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். புழுதி சேர்ந்து அவை அடைத்துக்கொள்ளும். கம்பியால் குத்திவிட்டுப் பாருங்கள், சேற்றுத் தண்ணீர் வடியும். அரித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து, உள்பக்கம் மெழுகு கோட்டிங் அடித்த பிறகுதான் பட்டி. ஆனால் கையில் காசு குறைவு என்றால் கதவை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். கதவில் ஓட்டை விழுந்தால் அசிங்கம், அவ்வளவுதான். முதலில் வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸைப் பாருங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து: 2004 குவாலிஸ். அடியில் எங்கு பார்த்தாலும் துருதான். பயப்பட வேண்டுமா? எப்படிச் சோதிப்பது?

எல்லாத் துருவும் ஒன்றில்லை. செம்மண் தூவினதுபோல மேலாக இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் உள்ளே இரும்பு பளிச்சென்று தெரியும். அதற்குப் பயம் வேண்டாம். ஏடு ஏடாக உரிந்து வருவதுதான் ஆபத்து.

சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது, ஸ்டாண்டு வைத்திருக்க வேண்டும். சேஸிஸைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று சத்தம் கொடுக்கும். தின்றுபோன இடம் 'டொப்' என்று செத்த சத்தம் கொடுக்கும். முக்கியமாகத் தட்ட வேண்டியது பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டும் பிராக்கெட், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், முன்னால் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் மாட்டும் இடம். சக்கரம் வாரி அடிக்கும் சேறு தங்கும் இடங்கள் இவைதான்.

திருச்செந்தூர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு குடும்பம் பட்டறைக்கு வந்தது. பின்னால் பள்ளத்தில் இறங்கினால் சத்தம். வேறொரு பட்டறையில் பட்டை மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை இரண்டு தடவை மாற்றியும் போகவில்லை. அடியில் பார்த்தால் கறுப்பு அண்டர்பாடி கோட்டிங் அழகாகப் பளபளக்கிறது. ஷேக்கிள் பிராக்கெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். சேஸிஸ் தகடு அப்பளம்போல நொறுங்கி என் கையில் கொட்டியது. துருவைச் சுரண்டாமல் மேலேயே தாரை அடித்திருக்கிறார்கள். ஈரமும் உப்பும் அதற்குள் மாட்டிக்கொண்டு, வெளியே தெரியாமல் தின்றிருக்கின்றன. புஷ்ஷில் குற்றமே இல்லை, அதைப் பிடித்திருந்த இரும்புதான் ஆடியது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வண்டியை அன்றைக்கு நான் வெளியே விடவில்லை, வேறு வண்டி பிடித்து அனுப்பினேன்.

இப்படிப்பட்ட இடத்தில் மேலே ஒரு பேட்ச் ஒட்டுவது வேலையே இல்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, அதே கனத் தகட்டை முழுதாகச் சுற்றி வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் டீசல் டேங்கோ பைப்போ இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். சேஸிஸ் ஓரமாகப் போகும் பிரேக் பைப்பையும் ஒரு பார்வை பாருங்கள். அது துருவில் வெடித்தால் பெடல் பலகையில் போய் முட்டும்.

வேளச்சேரியிலிருந்து: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் என் டஸ்டர் இரண்டு நாள் நின்றது. இன்ஜின் சரியாகிவிட்டது. உள்ளே இன்னும் ஒரு வாடை.

கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சில் தண்ணீர் இன்னும் இருக்கிறது சார். சீட்டைக் கழற்றி, கார்பெட்டை முழுக்க எடுத்து வெயிலில் போடுங்கள். குவாலிஸ், பொலேரோபோல உங்கள் வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டமும்தான் வண்டியின் எலும்பு. அங்கே துரு பிடித்தால் தள்ளிப்போடவே கூடாது. தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களைக் கழற்றி வடியவிட்டு, காய்ந்த பிறகு திரும்பப் போடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: சஃபாரி. லோயர் ஆர்ம் புஷ் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி 'டொக் டொக்'. டூப்ளிகேட் போட்டு ஏமாற்றிவிட்டார்களா?

இருக்கலாம். ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறு தப்பு. வண்டி தூக்கியிருக்கும்போது சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுக்க முடுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே போகும், போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும் புஷ்ஷின் நடுக்குழாய் நகராது. ரப்பர் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை லேசாக மாட்டி, வண்டியின் பாரம் சக்கரத்தில் நின்ற பிறகு கடைசி முடுக்கு. அப்புறம் வீல் அலைன்மென்ட். அடுத்த தடவை பக்கத்தில் நின்று இதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

கடலூரிலிருந்து: அண்ணா, ஒரு பக்க ஷாக் அப்சார்பர் மட்டும் ஆயில் கசிகிறது. அதை மட்டும் மாற்றலாமா?

இரண்டையும் மாற்றுங்கம்மா. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம்.

தூத்துக்குடியிலிருந்து: வாரா வாரம் வீட்டு போர் தண்ணீரில் அடிவரை கழுவுகிறேன். ஆனாலும் துரு நிற்கவில்லையே?

அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள் அண்ணாச்சி, கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறோம். மாதம் ஒரு தடவை போதும், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழுவினதும் ஷெட்டில் விடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிக் காயவிடுங்கள்.

மதுரையிலிருந்து: 2010 ஸ்கார்பியோ. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். செலவு செய்யலாமா, காயலான் கடைக்குக் கொடுத்துவிடலாமா?

பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் ஓட்டப்போகிறீர்கள். ஷாக் அப்சார்பர், புஷ், லிங்க் ராடு, பால் ஜாயின்ட் எல்லாம் போயிருந்தாலும் கவலையில்லை, அவை கடையில் கிடைக்கும். ஸ்டீயரிங்கும் லோயர் ஆர்மும் மாட்டும் இடத்தில் சேஸிஸ் தின்றுபோயிருந்தால் நான் செலவு செய்யச் சொல்லமாட்டேன். மதுரை வண்டிக்குக் கடல் காற்று படவில்லை என்பதால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. அப்படி ஆடும் வண்டியைப் பட்டறை வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.