ஓசிடி மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி போய்விடுமா?

கேள்வி கேட்டவருக்கு ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, திரும்பத் திரும்பக் கழுவு, சரிபார் என்று விரட்டும் மனநோய்தான் ஓசிடி. அதற்கான ஃப்ளூவாக்சமின் மாத்திரை தினம் 200 மி.கி., நாலு வருடமாக. கை கழுவுவது அடங்கிவிட்டது. வீட்டில் "கிட்னி போயிடும், நிறுத்து" என்கிறார்களாம். சேலத்தில் மருந்தாளுநராக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். "டாக்டர் வேலையை நீ ஏன் பார்க்கிறாய்" என்று வரிந்துகட்டி வருவீர்கள், தெரியும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை நான் சொல்லலாம்.

கிட்னி பயம் லித்தியம் என்ற வேறொரு மனநல மருந்தைப் பற்றியது. அதைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்குத்தான் கிட்னி, தைராய்டு பரிசோதனையும் ரத்தத்தில் மருந்தின் அளவும் கட்டாயம். மனநல மாத்திரை என்றாலே எல்லாம் ஒன்று என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஓசிடிக்குத் தரும் ஃப்ளூவாக்சமின், ஃப்ளூவாக்செடின், செர்ட்ராலின் எதுவும் கிட்னியைக் கெடுக்கும் மருந்து என்று பெயர் எடுத்ததில்லை. இவற்றின் தொல்லை வேறு: எடை ஏறுவது, வியர்வை, தாம்பத்திய ஆர்வம் குறைவது. 60 வயதைத் தாண்டியவர்கள், அதிலும் நீர் பிரிக்கும் பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குளோமிப்ரமின் என்ற பழைய ஓசிடி மருந்து என்றால் ஈசிஜி. கூடவே ரிஸ்பெரிடோன் போன்றது சேர்ந்தால் சர்க்கரை, கொழுப்பு, எடை மூன்றையும் ஆரம்பத்திலும் மூன்றாம் மாதத்திலும், பிறகு வருடம் ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். தாம்பத்தியக் குறையை வெட்கப்படாமல் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். நிறுத்திய பிறகும் அது நீடிப்பது சிலருக்கு உண்டு. 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை அந்த எச்சரிக்கையை மருந்துத் தாளில் சேர்க்கச் சொன்னது. இதை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்பது காபி. கஃபீனைக் கரைக்கும் ஈரல் நொதியை ஃப்ளூவாக்சமின் பலமாக அடக்கிவிடும். சாதாரணமாக ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் கஃபீன், இந்த மருந்தோடு ஒரு நாளுக்கு மேல் உடம்பில் நிற்கும். காலையில் குடித்தது இறங்குவதற்குள் மறுநாள் காபி மேலே ஏறும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று மருந்தின் மேல் பழி போகும், அல்லது நோய் முற்றிவிட்டது என்று தூக்க மாத்திரை ஒன்று கூடுதலாகச் சேரும். தோட்டத்தில் வேலை செய்பவரைக் காபியை விடச் சொல்ல மாட்டேன். காலையில் ஒரு சின்ன டம்ளர், அதோடு சரி. சிக்கரியில் கஃபீன் கிடையாது, அதனால் சிக்கரி கூடிய தூள் உங்களுக்கு நல்லது. சுத்த காபிக்காரர்கள் என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

இதே நொதியால் இன்னும் இரண்டு ஆபத்து. இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் டிசானிடின் கலந்திருக்கும். ஃப்ளூவாக்சமினோடு அது கூடவே கூடாது, ரத்த அழுத்தம் சடாரென்று விழும். மலைக் குளிரில் மூச்சு இழுப்புக்குச் சாப்பிடும் டெரிஃபிலினில் தியோஃபிலின் உண்டு. அதுவும் ரத்தத்தில் பல மடங்கு ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை கொண்டுபோகும். நொதி இல்லாமலே வரும் ஆபத்தும் உண்டு: டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவைக் கூட்டும், மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வராமலிருக்க அவோமின் மாத்திரை போட்டால் தூக்கம் கூடும், வண்டி ஓட்டாதீர்கள்.

நிறுத்துவது பற்றி: நன்றாக ஆனபின் ஒன்று முதல் இரண்டு வருடம் தொடர்ந்து சாப்பிட்டு, பிறகு ஒன்று அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 10 முதல் 25 சதவீதம் வரை குறைப்பது வழக்கம். உங்களுக்கு 200, 150, 125, 100, 75 என்று இறங்கலாம், 25 மி.கி. வித்தியாசத்துக்கு 50 மி.கி. மாத்திரையைப் பாதியாக்க வேண்டும். மெதுவாகக் கரையும் கேப்ஸ்யூல் என்றால் உடைக்கக் கூடாது, சாதா மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கடைசி 50தான் கஷ்டம், அங்கே இன்னும் மெதுவாக. குறைத்த சில நாளில் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல் வந்தால் அது மருந்து விலகும் அறிகுறி. வாரக்கணக்கில் கழித்து, கழுவும் ஆசை மெல்லத் திரும்பினால் அது நோய். இரண்டிலும் முந்தைய படிக்கு ஏறுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அசுத்தத்தைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பழகும் சிகிச்சையைக் குறைக்கும் முன்பே முடித்திருந்தால் திரும்பும் வாய்ப்பு குறையும். சேலம் ஐந்து ரோட்டு டாக்டரிடமோ அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை மனநலப் பிரிவிலோ, எங்கே போனாலும் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கோபம் வரலாம். பக்கவிளைவைத் தேடித்தேடிப் படிப்பதும், கிட்னிக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுப்பதும், கடைக்காரனிடம் "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டபடியே இருப்பதும் பல சமயம் ஓசிடியே வேறு வேடத்தில் வருவது. சந்தேகங்களை நோட்டில் எழுதி அடுத்த விசிட்டுக்கு வையுங்கள். "போட்டேனா, போடலையா" என்பதற்கு ஏழு நாள் டப்பா. ஒரே ஒரு முறை பார்க்கலாம். அப்போதும் தெளியவில்லை என்றால் இரண்டாவது மாத்திரை வேண்டாம்.

ஸ்ட்ரிப்பில் பத்து நாள் மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்தது வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கலாம் என்று நம்ப வேண்டாம். வளைவில் நின்று செல்ஃபி எடுக்கும் சுற்றுலா கார்களால் மலை ரோடே அடைத்துக்கொள்கிறது, அங்கேயே குடியிருப்பவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மருந்து தீர்ந்து மனம் தாறுமாறானால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், எந்நேரமும் தமிழில் பேசலாம்.