போலீஸ் பென்ஷன்: பணம் எங்கே சேர்கிறது, எங்கிருந்து வருகிறது?

செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் காவல்துறைக் குடும்பங்களுடையதை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கே: 2011-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். மாதாமாதம் பிடிக்கிற பணம் எங்கே போகிறது? எனக்குப் பென்ஷன் உண்டா? (தேவகோட்டை)

2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அதாவது சி.பி.எஸ். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்த தொகையில் 10 சதவீதம் உங்கள் பங்கு, அதே அளவு அரசின் பங்கு. பேசிக் 30,000, டி.ஏ. 58 சதவீதம் என்றால் உங்களிடம் 4,740 பிடிப்பார்கள். அரசு 4,740 போடும். மத்திய அரசின் என்.பி.எஸ்.ஸில், அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், தமிழ்நாடு சேரவில்லை. அதனால் உங்கள் பணம் பங்குச்சந்தைப் பக்கம் போகாமல் மாநில அரசின் பொறுப்பிலேயே, ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டியில் இருக்கிறது. ஆனால் சி.பி.எஸ்.ஸில் ஓய்வு பெற்றவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகைதான் கிடைத்தது, மாத பென்ஷன் கிடையாது.

2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களின் பழைய திட்டத்தில் தனி நிதி என்று ஒன்றும் இல்லை. அந்தந்த வருஷத்து வரி வருவாயிலிருந்தே பென்ஷன் போகிறது. 'பென்ஷன் நிதி காலியாகிவிட்டது' என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காலியாக அங்கே நிதியே இல்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் ஐந்தொகை (வரவு, கடன் எல்லாம் காட்டும் இருப்புக் கணக்கு) எடுத்தால் நாளைக்குக் கொடுக்க வேண்டியதையும் எழுதிவிடுவார்கள். அரசு அதை எழுதாமலே பல வருஷம் ஓட்டியது. சுமை கூடியதும் புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையில் கட்டியது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

2026 ஜனவரி 3-ல் அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின், தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். கடைசி பேசிக்கில் 50 சதவீதம் பென்ஷன். நீங்கள் 10 சதவீதம் கட்ட, குறைவதை அரசு போடும் என்பது அறிவிப்பு. உங்கள் சர்வீஸுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை அரசாணையில் பாருங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல.

கே: பழைய பென்ஷன்காரன், 30 வருஷத்துக்கு மேல் சர்வீஸ். எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஓய்வு பெறுகிறேன். கம்யூட்டேஷன் வாங்கலாமா? (காரைக்குடி)

கம்யூட்டேஷன் என்றால் பென்ஷனில் ஒரு பகுதியை அரசிடம் விற்று, மொத்தத் தொகையாக முன்பே வாங்கிக்கொள்வது. மூன்றில் ஒரு பங்கு வரை விற்கலாம். கடைசிச் சம்பளம் 66,000 என்றால் பென்ஷன் 33,000. அதில் 11,000 விற்றால் கைக்கு வருவது 22,000, ஆனால் டி.ஏ. முழு 33,000-க்கும் உண்டு. விற்ற பங்கு 15 வருஷம் கழித்துத் திரும்பும். வட்டிக் கடன் கழுத்தை நெரித்தால் வாங்குங்கள். சீர், முறை, வீட்டு முகப்பு என்று செலவழிக்கத்தான் என்றால் வேண்டாம் என்பேன். ஓய்வுபெறும் மாதத்தில் 'நல்ல வட்டி தருகிறோம்' என்று வாசலுக்கு வருகிறவர்களுக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்புங்கள். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 5 வருஷம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி.

கே: தம்பி 2006 முதல் சி.ஆர்.பி.எஃப்.பில். பழைய பென்ஷன் கிடைக்குமா? (கானாடுகாத்தான்)

மத்தியப் படையினருக்கு உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தீர்ப்பை நம்பிச் செலவுத் திட்டம் போட வேண்டாம்.

கே: ஓய்வுபெற்ற எஸ்.ஐ.யான என் கணவர் போன மாதம் காலமானார். நான் எங்கே போக வேண்டும்? (பள்ளத்தூர்)

அம்மா, அவர் பென்ஷன் வாங்கிய கருவூலத்துக்குத்தான். இறப்புச் சான்று, பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை), உங்கள் ஆதார், வங்கிப் பாஸ்புக் எடுத்துப்போங்கள். குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அவர் பென்ஷனில் குடும்பப் பாதுகாப்பு நிதிக்குப் பிடித்திருந்தால் 50,000 ரூபாய் தனியாக வரும். அதற்கு வேறு விண்ணப்பம், நீங்களே கேட்டு வாங்குங்கள். பி.பி.ஓ.வில் உங்கள் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று போவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.