பிஞ்சு உதிர்ந்தால் டானிக் வாங்காதீர்கள்

கேள்வி: மொட்டை மாடியில் பந்தல் போட்டுக் குடுவைச் சுரை வளர்க்கிறேன். காயை உலர்த்தி விளக்கு செய்ய ஆசை. கொடி நன்றாகப் படர்ந்து வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. ஆனால் பிஞ்சுகள் விரல் அளவிலேயே மஞ்சளாகி உதிர்கின்றன. பூ நிற்கும் என்று கடையில் கொடுத்த டானிக்கை இரண்டு பாட்டில் அடித்தும் பலனில்லை. தப்பித்த ஒரே காயும் பறித்து வெயிலில் வைத்தபோது அழுகிவிட்டது. என்ன செய்வது? - வாசகி, மதுரை.

பதில்: முதலில் அந்த டானிக்கை நிறுத்துங்கள். பந்தல் நிறைய இலையும் பூவும் இருக்கும் கொடிக்குச் சத்துக் குறைவு இல்லை. மகரந்தம் சேராத பிஞ்சுதான் இப்படி வெம்பி விழும். சுரைப்பூ சாயங்காலம் விரிந்து மறுநாள் காலை வெயிலில் வாடிவிடும். அதைத் தேடி வருவது பெரும்பாலும் இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகள். ஊருக்கு நடுவே மொட்டை மாடியில் அவற்றை நம்பியிருக்க முடியாது. நீங்களே சேர்த்துவிடுங்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிக்குப் போங்கள். வெறும் காம்பில் நிமிர்ந்து நிற்பது ஆண் பூ. அடியில் பூனைமுடி படர்ந்த குட்டிச் சுரைக்காயோடு இருப்பது பெண் பூ. அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டை விரலால் தொட்டுப் பாருங்கள். தூள் ஒட்டினால் அதைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சேர்ந்த பிஞ்சு சில நாளில் பருக்கத் தொடங்கும். அதற்கு உடனே துணிப்பை கட்டுங்கள், இல்லையென்றால் பழ ஈ குத்திவிடும். பெண் பூ குறைவென்றால் தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளில்தான் அது அதிகம் வரும்.

இங்கே ஒரு விதிவிலக்கு. உங்களுக்குப் பூ வெள்ளை என்பதால் கவலையில்லை. ஆனால் ‘அலங்காரச் சுரை’ என்று பல நிறக் காய்களின் படம் போட்டு விற்கும் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் பூசணி இனம். அதன் பூ மஞ்சள், விடியற்காலையில் விரியும், காலை முடிவதற்குள் மூடிவிடும். சாயங்காலம் போனால் தடவப் பூவே இருக்காது. அதற்குக் கைவேலை காலையில்தான். அந்தக் காய் உலர்ந்தாலும் சுரை ஓட்டின் உறுதி வராது, நிறமும் நாளாக ஆக மங்கும். விளக்குக்கு ஆகாது.

இணையத்தில் சுரை விதையை விற்பவர்களில் பலர் எங்கோ மொத்தமாக வாங்கிச் சின்னப் பையில் போடும் இடைத்தரகர்கள். முளைப்புத்திறன், சோதித்த தேதி, காலாவதி, எந்தத் தொகுதி விதை என்று காட்டும் குவியல் எண் இல்லாத பையைத் தொடாதீர்கள். 1966-லிருந்து விதைச் சட்டம் இருக்கிறது, விதை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் ஏமாந்த விவசாயியே அலைய வேண்டிய நாட்டில், முப்பது ரூபாய் பாக்கெட்டுக்காக மாடித் தோட்டக்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? விதைத் திருவிழாக்களில் கும்பச் சுரை, குடுவைச் சுரை என்று கேளுங்கள். வளர்த்தவரே கையில் முற்றிய குடுக்கையோடு நிற்பார், பார்த்து வாங்கலாம்.

உங்கள் காய் அழுகியதற்குக் காரணம், முற்றுமுன் பறித்தது. கறிக்குப் பிஞ்சாகப் பறிப்போம், குடுக்கைக்கு அப்படிக் கூடாது. காம்பு காய்ந்து பழுப்பாகி, தோலில் நகம் இறங்காத அளவுக்கு முற்றும் வரை கொடியிலேயே விடுங்கள். இரண்டு அங்குலக் காம்போடு வெட்டி, காற்றாடும் நிழலில் கயிற்றில் தொங்கவிடுங்கள். மேலே பூஞ்சணம் பூத்தால் பயப்படாதீர்கள், துடைத்தால் போதும். அழுத்தினால் குழிந்தால் மட்டும் எறியுங்கள். பெரிய காய்க்கு மாதக்கணக்கில் ஆகும். ஆட்டும்போது உள்ளே விதை கலகலக்க வேண்டும். பிறகு ஈரத்துணி சுற்றி ஊறவைத்து மேல்தோலைச் சுரண்டுங்கள். துளையிடும்போது முகக்கவசம் அவசியம், உள்தூள் நெஞ்சுக்கு ஆகாது.

இந்தக் கொடியின் பிஞ்சைச் சமைக்க நினைத்தால் முதலில் நுனியளவு நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுவதையும் எறியுங்கள். கசக்கும் சுரை விஷம், வேகவைத்தாலும் அது போகாது.