துணி மடிக்க ஆள் தேடும் தேவகோட்டைத் தம்பிக்கு

சிங்கப்பூருக்கு வந்த கையோடு அறை முழுக்கத் துணி குவிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமையே அதில் போய்விடுகிறது, வாரம் ஒருதரம் வந்து மடித்து வைக்க ஆள் பார்க்கலாமா, இல்லை இன்னொரு அலமாரி வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் தம்பி. நானும் காரைக்குடிக்காரன்தான், வேட்டியைக் கழற்றிப் போட்ட இடத்திலேயே விட்டுப் போய் வளர்ந்த ஆள். இப்போது என் வீட்டில் துணி மடிப்பதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நம்ம பக்கத்துப் பெரிய வீடுகள் உங்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவு என்கிற நடு முற்றத்தை ஒட்டி ஓர் அறை. மருமகள் கொண்டுவந்த சாமான் அதற்குள் போய்ப் பூட்டு விழுந்தால், அடுத்த விசேஷத்துக்குத்தான் திறக்கும். இடம் கிடந்தது, அதனால் எதையும் கழிக்கிற பேச்சே இல்லை. பங்கு பிரித்து வீட்டை இடிக்கும்போதுதான் எல்லாம் வெளியே வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் பார்த்திருப்பீர்களே, தேக்குத் தூணிலிருந்து எனாமல் தூக்குச்சட்டி வரைக்கும்.

இங்கே வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டு அறையில் கட்டிலைப் போட்டால் நடக்கத்தான் இடம் மிஞ்சும். ஒவ்வொரு துணியும் கையில் வந்து போயே ஆக வேண்டும். எனக்கு ருசி தட்டியது அதில்தான். எந்தச் சட்டைக்குக் காலர் தேய்ந்திருக்கிறது, எதற்குப் பொத்தான் ஆடுகிறது, எதை இரண்டு தீபாவளியாகத் தொடவே இல்லை என்பதெல்லாம் மடிக்கும்போதுதான் தெரிகிறது. ஆபீஸ் வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? இது முடியும், முடிந்தது கண்ணுக்கும் தெரியும்.

வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் மேரி கோண்டோ என்ற ஜப்பானியப் பெண்மணியை 2019இல் நெட்ஃபிளிக்ஸில் பார்த்திருப்பீர்கள். அவர் சொல்வதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். இடம் வாரியாக இல்லை, வகை வாரியாகக் கழிக்கச் சொல்கிறார், முதலில் துணி. இருப்பதையெல்லாம் கட்டிலில் கொட்டுங்கள். கொட்டினால்தான் ஒரே நீலத்தில் எத்தனை சட்டை சேர்த்திருக்கிறோம் என்று உறைக்கும். டீ-சர்ட்டைக் குப்புறப் போட்டு, இரண்டு பக்கமும் உள்ளே மடக்கி, கையால் நீவி, நீளவாக்கில் பாதியாக்கி, மறுபடி மூன்றாக மடியுங்கள். தரையில் வைத்தால் தானாக நிற்க வேண்டும். சாய்ந்தால் இன்னும் ஒருமுறை நீவுங்கள். இழுப்பறையில் புத்தகம் மாதிரி நிறுத்திவிட்டால், ஒன்றை உருவினால் மற்றது கலையாது. அலமாரி ஏன் வேண்டாம் என்றேன், புரிகிறதா?

கழிக்கிற துணிக்கு நன்றி சொல்லச் சொல்கிறாரே, அதுதான் எனக்குக் கொஞ்சம் அதிகம். எங்கள் அப்பத்தா எந்தச் சேலைக்கும் நன்றி சொன்னதில்லை. கண்டாங்கி நைந்தால் தூளி, தூளி நைந்தால் கரித்துணி, அவ்வளவுதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: நைந்ததைத் துடைக்க வைத்துக்கொண்டு, நல்லதை நன்கொடைக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே ஆகாது. காரைக்குடி வெயிலில் ஒரு மணி நேரத்தில் வேட்டி மொறமொறவென்று காய்ந்துவிடும். இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். கழியில் போட்டது காய்ந்த மாதிரி இருக்கும். இடுப்பு மடிப்பையும் அக்குளையும் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருந்தால் மடிக்காதீர்கள், இரண்டே நாளில் முடை நாற்றம் அடிக்கும். நாள்கணக்கில் உள்ளே வைக்கிற வேட்டிக்குக் கஞ்சியும் வேண்டாம், இராமபாணப் பூச்சி வரும்.

சேலை மடிக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். வீட்டுக்காரியும் நானும் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்து ஓர் உதறு உதறிவிட்டுக் கிட்டே வருவோம். ஆபீஸ் வம்பெல்லாம் அந்த நேரத்தில்தான் பேசித் தீர்ப்போம். உங்களுக்கும் கல்யாணம் ஆகட்டும், தெரியும்.

அம்மா கொடுத்துவிட்ட பட்டுவேட்டியை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கவைத்து, சில மாதத்துக்கு ஒருதரம் மடிப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் சரிகை மடிப்போடு விட்டுப்போகும். பாச்சை உருண்டை அதில் படவே கூடாது. அலமாரிக்கு எடுத்து வைத்த காசில் நல்ல இஸ்திரிப் பெட்டியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.